மின்வண்டிக்குக் குளிர்கால டயர்: மியூனிக்கில் இருக்கும் மகளுக்கு எது, கோத்தகிரி மலையேறும் எனக்கு எது?

கொடிவேரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையத்தில் இருந்து எழுதுகிறேன். ஒரே குடும்பத்தில் இரண்டு மின்வண்டிகள், இரண்டு வேறு வேறு தட்பவெப்பங்கள் என்று ஆகிவிட்டதால் கேள்வியும் இரண்டாகிவிட்டது. பொறுத்துக்கொண்டு படிக்கவும்.

என் மகளும் மருமகனும் ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் வசிக்கிறார்கள். இந்தக் கோடையில் ஃபோக்ஸ்வாகன் ஐடி.4 வண்டி ஒன்றை வாங்கினார்கள். பின்சக்கர இயக்கம் கொண்ட அந்த வண்டி 20 அங்குல அலாய் சக்கரங்களோடு வந்தது. அக்டோபர் பிறப்பதற்குள் குளிர்கால டயர்களை மாட்டிவிட வேண்டும் என்று சொல்லி, ரிம்மோடு சேர்த்து நான்கு சக்கரங்களுக்கு விலைப்பட்டியல் ஒன்றை விற்பனையாளர் கொடுத்திருக்கிறார். அந்தப் பணத்துக்கு இங்கே நல்ல கறவை மாடு இரண்டு வாங்கிக் கட்டலாம். தனி ரிம் உண்மையிலேயே தேவையா, அல்லது இருக்கிற ரிம்மிலேயே டயரை மட்டும் ஆண்டுக்கு இருமுறை மாற்றிக்கொண்டால் போதுமா? வாங்குவதென்றால் அதே 20 அங்குலமா, 19 அங்குலமா? விடுமுறை நாட்களில் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் பனிச்சறுக்குக்குப் போகும் பழக்கமும் அவர்களுக்கு உண்டு.

இரண்டாவது கேள்வி என்னைப் பற்றியது. என்னிடம் இருப்பது நெக்ஸான் மின்வண்டி. டயர் அளவு 215/60 ஆர்16 (அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 16 அங்குலம்). மைத்துனரின் தேயிலைத் தோட்டம் கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருப்பதால் மேட்டுப்பாளையம் வழியாக அடிக்கடி மலையேறி இறங்குகிறேன். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையிலேயே அங்கிருந்து கிளம்ப வேண்டியிருக்கிறது. புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் படத்தை அனுப்பினால், "அப்பா, நீங்களும் குளிர்கால டயர் போட்டுக்கொள்ளுங்கள்" என்று மகள் சொல்கிறாள். இங்கே ஒரு கடையில் கேட்டபோது, அதெல்லாம் வேண்டாம், 17 அங்குல அலாய்க்கு மாறினால் மலைப்பாதையில் பிடிமானம் கூடும் என்றார்கள். வண்டியோடு வந்த டயர்கள் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டன. ஐப்பசி மழைக்கு முன் எப்படியும் மாற்றியாக வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

தாராபுரத்தான் எழுதியது:

வணக்கம் ஐயா. சொந்த ஊர் தாராபுரம். இப்போது ஸ்டுட்கார்ட்டில் வாழ்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மலைப்பாதை பற்றி ஊரில் இருப்பவர்கள் சொல்வதே சரியாக இருக்கும்.

முதலில் சட்டம். இந்தத் தேதியில் இருந்து இந்தத் தேதி வரை குளிர்கால டயர் கட்டாயம் என்று ஜெர்மனியில் நாள் குறிக்கவில்லை. சாலையில் பனி, பனிச்சேறு, உறைபனி அல்லது வழுக்கும் பனிக்கட்டி இருக்கும் நேரத்தில் ஓட்டினால் அதற்கேற்ற டயர் இருக்க வேண்டும் என்பதே விதி. மீறினால் 60 யூரோ அபராதமும், ஓட்டுநர் கணக்கில் ஒரு புள்ளியும் ஏறும். மற்றவர்களுக்கு இடையூறாக நின்றுவிட்டால் அபராதம் இன்னும் கூடும். அண்டை நாடான ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை என்று காலவரம்பே உண்டு. அந்தக் காலத்தில் பனிபடர்ந்த சாலையில் போகும் குளிர்கால டயரின் மேற்பரப்பில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பனிச்சறுக்குக்காக எல்லை தாண்டுவார்கள் என்றால் இதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும், அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்க வேண்டும். வெறும் எம்+எஸ் (சேறும் பனியும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற எழுத்து மட்டும் உள்ள டயரை 2024 அக்டோபர் முதல் ஜெர்மனியில் குளிர்கால டயராக ஏற்பதில்லை. பழைய டயரை மலிவாகக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் மருமகன் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் குறியைத்தான்.

வேறுபாடு பள்ளத்தின் வடிவத்தில் மட்டும் இல்லை, ரப்பர் கலவையிலேயே இருக்கிறது. ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகப் போகக் கோடை டயரின் ரப்பர் விறைத்துக்கொண்டு சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களைப் பற்ற மறுக்கும். குளிர்கால டயரின் கலவையோ அந்தக் குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். பள்ளங்களுக்கு இடையே இருக்கும் ரப்பர்க் கட்டைகளின் குறுக்கே கீறியிருக்கும் மெல்லிய வெட்டுகள் பனியைக் கவ்விப் பிடிக்கும். அதே இளக்கம் கோடையில் எதிரியாகிவிடும்: சூடான தார்ச்சாலையில் பிரேக் தூரம் நீளும், தேய்மானமும் விரைவாகும். அதனால்தான் இரண்டு தொகுதி வைத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது.

தனி ரிம் வாங்குவது தண்டச் செலவு போலத் தோன்றும்; எனக்கும் இங்கே வந்த புதிதில் அப்படித்தான் பட்டது. ஆனால் ஒரே ரிம்மில் டயரை ஆண்டுக்கு இருமுறை கழற்றி மாட்டினால் ஒவ்வொரு முறையும் கூலி, பேலன்சிங், டயர் விளிம்பு கிழியும் அபாயம் எல்லாம் சேரும். போதாததற்கு, சாலையில் கொட்டும் உப்பு அந்த அழகான 20 அங்குல அலாயைத்தான் முதலில் அரிக்கும். மூன்று நான்கு குளிர்காலங்கள் அந்த வண்டியை வைத்திருப்பார்கள் என்றால் ரிம்மோடு வாங்குவதே கட்டுப்படியாகும். இரண்டே ஆண்டுக் குத்தகை வண்டி என்றால் கணக்கு மாறும்.

அளவைப் பொறுத்தவரை என் பரிந்துரை 19 அங்குலம். பின்சக்கர ஐடி.4 வண்டிக்கு முன்னும் பின்னும் வேறு வேறு அகலம்; 19 அங்குலத்தில் முன்பக்கம் 235/55, பின்பக்கம் 255/50. 20 அங்குலத்தில் அதே அகலங்கள், ஆனால் பக்கச்சுவர் குறைவு. பனிக்கடியில் மறைந்திருக்கும் நடைபாதை விளிம்பில் மோதும்போது உயரமான பக்கச்சுவர் ரிம்மைக் காப்பாற்றும். டயரின் விலையும் பெரும்பாலும் குறைவு. பனிச்சங்கிலி மாட்டும் வசதி எந்த அளவுக்கு உண்டு என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். பெரிய சக்கரங்கள் பலவற்றுக்கு அந்த இடைவெளி இருக்காது என்பதால் ஆல்ப்ஸ் போகிறவர்கள் வாங்குவதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். சங்கிலி இயக்கச் சக்கரத்தில்தான் மாட்ட வேண்டும்; இந்த வண்டியில் அது பின்சக்கரம்.

ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லும் எடைக் குறியீட்டை மறக்கவே கூடாது. பேட்டரியால் மின்வண்டி கனமானது. வண்டியின் இணக்கச் சான்றிதழில் குறித்திருக்கும் எடைக் குறியீட்டுக்குக் குறைந்த டயரை, அளவு பொருந்துகிறது என்பதற்காக மாட்டிவிட முடியாது. ஐரோப்பாவில் டயரோடு வரும் சீட்டில் உருளும் எதிர்ப்புக்கும் (டயர் உருளும்போது வண்டியைப் பின்னிழுக்கும் தடை) ஈரச்சாலைப் பிடிமானத்துக்கும் ஏ முதல் ஈ வரை தரம் போட்டிருப்பார்கள். குளிர்கால டயரில் நான் முதலில் பார்ப்பது ஈரப்பிடிமானத்தை. உருளும் எதிர்ப்பால் தூரம் சற்றுக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் குளிர்காலத்தில் ஒரு சார்ஜில் போகும் தூரம் குறைவதற்கு டயரை மட்டும் பழிப்பது நியாயமில்லை. 20 டிகிரியில் இருந்து மைனஸ் 5 டிகிரிக்கு இறங்கினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது. பேட்டரியும் குளிர்ந்து கிடக்கும், உள்ளே சூடேற்றியும் ஓடிக்கொண்டிருக்கும்.

அதே குளிர் டயருக்குள் இருக்கும் காற்றையும் சுருக்கும். 20 டிகிரியில் 36 பிஎஸ்ஐ நிரப்பிய டயர் மைனஸ் 5 டிகிரியில் 32 அளவுக்கு இறங்கி நிற்கும். முதல் உறைபனிக் காலையில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பஞ்சர் என்று பதற வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். ஆனால் அன்றைக்கே காற்றடித்துவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் வேகக்கட்டையில் இருந்து காலைச் சட்டென்று எடுத்தால், பிரேக் போட்டது போலப் பின்சக்கரங்களை மோட்டாரே பிடிக்கும். பனிக்கட்டியின் மேல் வளைவில் அது நல்லதில்லை. வழுக்கும் நாளில் கியர்த் தேர்வியை, மோட்டார் கூடுதலாகப் பிடிக்கும் 'பி' (B) நிலையில் வைக்காமல் 'டி' நிலையிலேயே ஓட்டுவது நிதானமாக இருக்கும்.

---

நொய்யல் எழுதியது:

தாராபுரத்தான் விரிவாகச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்து. இப்போது வரும் நல்ல அனைத்துப்பருவ டயர்களிலும் அதே மலையும் பனித்துகளும் பொறித்தே வருகின்றன. மிஷெலின் கிராஸ்கிளைமேட் ஓர் எடுத்துக்காட்டு. நகரத்துக்குள்ளேயே பெரும்பாலும் ஓடும் வண்டிக்கு ஒரே தொகுதி போதாதா? வீட்டில் சக்கரங்களை அடுக்கி வைக்க இடமில்லாத அடுக்குமாடிக் குடும்பத்துக்கு அது பெரிய நிம்மதி. நான் கோயம்புத்தூரில் இருப்பவன். பனியைப் பற்றி எனக்கு நேரடி அறிவு இல்லை. செலவுக் கணக்கை வைத்துத்தான் கேட்கிறேன்.

---

தாராபுரத்தான் எழுதியது:

நியாயமான கேள்வி அண்ணா. ரைன் ஆற்றுப் பள்ளத்தாக்குப் பகுதிகளில், மிதமான குளிர் உள்ள ஊர்களில், ஆண்டுக்குக் குறைவாக ஓட்டுபவர்களுக்கு நானும் அனைத்துப்பருவ டயரைத்தான் சொல்வேன். சட்டப்படியும் தடையில்லை. ஆனால் மியூனிக் 500 மீட்டருக்கு மேல் உயரத்தில், ஆல்ப்ஸ் அடிவாரத்தை ஒட்டிய ஊர். அங்கிருந்து பனிச்சறுக்குக்கு மேலே ஏறுகிறவர்களுக்கு இறுகிய பனியில் பிரேக் பிடிக்கும்போதுதான் வேறுபாடு தெரியும். ஜெர்மனியின் வாகன ஓட்டுநர் சங்கமான ஏடிஏசி ஒவ்வொரு பருவத்துக்கும் டயர்ச் சோதனை முடிவுகளை வெளியிடுகிறது. மருமகன் அதைப் படித்துவிட்டுத் தங்கள் அளவுக்குக் கிடைக்கும் டயரைத் தேர்ந்தெடுக்கலாம். இடம் இல்லாதவர்களுக்கு, சக்கரங்களைக் கட்டணத்துக்கு வைத்துப் பராமரிக்கும் கடைகளும் இங்கே உண்டு.

---

ஈரோடு டயர்க்கடை எழுதியது:

கொடிவேரி ஐயாவுக்கு வணக்கம். ஈரோட்டில் டயர்க்கடை வைத்திருக்கிறேன். விளம்பரம் ஆகிவிடும் என்பதால் கடைப்பெயர் வேண்டாம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

குளிர்கால டயர் உங்களுக்கு வேண்டியதில்லை. கோத்தகிரியில் விடியற்காலை 7 டிகிரி என்றே வைத்துக்கொள்வோம். அங்கிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கிலோமீட்டர்; ஒன்றரை மணி நேரத்துக்குள் கல்லூரி மாணவர்கள் வியர்த்துக்கொண்டு பேருந்துக்கு நிற்கும் ஊருக்கு இறங்கிவிடுவீர்கள். அந்த டயர் தனக்கேற்ற குளிரில் ஓடுவது முதல் சில கிலோமீட்டர்தான்; மிச்ச நேரமெல்லாம் தனக்கு ஒவ்வாத சூட்டில் தேயும். கத்தரி வெயிலில் ஈரோடும் கரூரும் 40 டிகிரியைத் தாண்டும்போது அந்த இளகிய ரப்பர் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் அந்த டயருக்கு வேலை இருப்பது காஷ்மீர், இமாச்சலம், லடாக் போன்ற பகுதிகளில்.

நம் கொங்குப் பகுதியின் ஆண்டைப் பிரிப்பது பனியில்லை, வெயிலும் மழையும்தான். நீங்கள் பணம் போட வேண்டியது ஈரச்சாலைப் பிடிமானத்தில். கோடை மழையின் முதல் அரைமணி நேரத்தில் மாதக்கணக்கில் படிந்த புழுதியும் எண்ணெயும் தண்ணீரோடு குழைந்து சாலை சோப்பு போல ஆகிவிடும். அதன்பிறகு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. பவானியில் இருந்து அவிநாசி வரை தேசிய நெடுஞ்சாலை 544-இல் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர்கள், தேங்கிய நீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்குவதை ஸ்டீயரிங் லேசாகும்போதுதான் உணர்கிறார்கள். நீரை வெளியேற்றுவது டயரின் பள்ளம். கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடுகள் அந்த அளவைத்தான் காட்டுகின்றன. சட்டத்துக்கு அது போதும், மழைக்குப் போதாது. 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் பருவமழைக்கு முன் மாற்றிவிடுங்கள் என்றுதான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். டயர் விற்கிறவன் சொல்வதால் சந்தேகப்படுவீர்கள். பரவாயில்லை, பள்ளத்தை நீங்களே அளந்து பாருங்கள்.

17 அங்குலத்துக்கு மாறும் யோசனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 215/60 ஆர்16 டயரின் முழு விட்டம் சுமார் 664 மில்லிமீட்டர். 215/55 ஆர்17 டயருடையது சுமார் 668. ஆகவே வேகமானி பெரிதாகப் பிசகாது, வண்டிக்குள் பொருந்தவும் பொருந்தும். ஆனால் அகலம் அதே 215 தானே? பிடிமானம் எங்கிருந்து கூடும்? பக்கச்சுவர் 129 மில்லிமீட்டரில் இருந்து 118 ஆகக் குறைவதுதான் மிச்சம். வளைவில் வண்டி சற்று விறைப்பாகத் திரும்புவது போலத் தோன்றும். அதைத்தான் பிடிமானம் என்று சொல்லி விற்கிறார்கள். கனமான அலாய் என்றால் சார்ஜுக்குப் போகும் தூரமும் குறையும். குழியில் இறங்கினால் பக்கச்சுவர் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட பக்கச்சுவரை எந்தப் பஞ்சர் கடையிலும் ஒட்ட முடியாது. 2020-இல் விதியைத் தளர்த்திய பிறகு, காற்றழுத்த உணரியும் பஞ்சர் பசையும் கொடுத்துவிட்டு ஸ்டெப்னி இல்லாமலே சில வண்டிகள் வருகின்றன; அப்படிப்பட்ட வண்டியோடு இரவில் மலைப்பாதையில் நின்றுவிட்டால் அந்தப் பசையால் ஒரு பயனும் இல்லை. 16 அங்குலத்திலேயே இருங்கள்.

டயரின் பக்கவாட்டில் அளவுக்கு அடுத்து வரும் எண் எடைக் குறியீடு. 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும்; எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்குவது) என்று குறித்த 99 குறியீட்டு டயர் 775 கிலோ தாங்கும். வண்டியோடு வந்த டயரில் என்ன எண் இருக்கிறதோ அதற்குக் குறையாமல் கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் வண்டிக்குப் போடும் அதே அளவு டயரை, கையிருப்பில் இருக்கிறது என்பதற்காகத் தள்ளிவிடும் கடைகள் உண்டு. டிஓடி என்ற எழுத்துகளைத் தொடர்ந்து கடைசியில் வரும் நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 3524 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் தயாரித்தது.

புதிய டயருக்கு மாறியதும் தூரம் சற்றுக் குறைந்துவிட்டது என்று மின்வண்டிக்காரர்கள் பலர் வந்து கேட்கிறார்கள். வண்டியோடு வரும் டயர் பெரும்பாலும் எளிதாக உருள்வதற்காகவே செய்தது; தேய்ந்த டயர் புதிய டயரைவிட இன்னும் எளிதாக உருளும். அந்தப் பழக்கத்தோடு ஒப்பிட்டால் புதியது குறைவாகத்தான் தெரியும். மலைக்குப் போகாதவர் என்றால் எளிதாக உருளும் டயரையே நானும் கொடுப்பேன். நீங்கள் கோத்தகிரிக்குப் போகிறவர் என்பதால் ஈரத்தில் நிற்கும் டயரைக் கேளுங்கள்.

இன்னொன்று, எந்தக் கடைக்குப் போனாலும் வண்டியை ஜாக்கியில் ஏற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். மின்வண்டியின் அடித்தளம் முழுவதும் பேட்டரிப் பெட்டி. கையேட்டில் காட்டியிருக்கும் இடங்களில் மட்டும்தான் ஜாக்கியைக் கொடுக்க வேண்டும்.

---

கோத்தகிரி தேயிலை எழுதியது:

நான் கோத்தகிரிக்காரன், என்னிடமும் மின்வண்டிதான். டயர்க்கடை அண்ணன் சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். டிசம்பர், ஜனவரியில் உறைபனி என்று செய்தித்தாள்களில் வரும் படங்கள் பெரும்பாலும் ஊட்டியை அடுத்த தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான புல்வெளிகளில் எடுத்தவை. காற்று அசையாத பள்ளத்தில் குளிர் தேங்கிப் புல்லின் மேல் பனி உறைகிறது. தார்ச்சாலை பகல் வெயிலைப் பிடித்து வைத்திருப்பதால் அதன்மேல் கட்டியாக உறைவது அரிது. எங்களுக்குத் தொல்லை தருவது வெயில் படாத வளைவுகளில் மரத்தில் இருந்து சொட்டிக்கொண்டே இருக்கும் ஈரமும், பாசியும், காய்ந்த சருகும், மேகம் இறங்கினால் முன்னால் ஒன்றும் தெரியாத மூடுபனியும்தான். டயர் கொஞ்சம் குளிர்ந்திருக்கும் முதல் பத்து நிமிடம் மெதுவாக இறங்கினால் போதும்.

காற்றழுத்தம் பற்றி ஒரு சிறு விந்தையைச் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்தில் இருந்து கோத்தகிரிக்கு ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், அளவுமானி காட்டும் டயர் அழுத்தம் 2 பிஎஸ்ஐக்குச் சற்று மேல் கூட வேண்டும். ஆனால் கீழே 30 டிகிரி, மேலே 15 டிகிரி என்றால் குளிரில் காற்று சுருங்கி ஏறக்குறைய அதே அளவு குறைந்துவிடும். இரண்டும் ஒன்றை ஒன்று விழுங்கிக்கொள்வதால் மேலே ஆறிய டயரில் பார்க்கும் எண் கீழே பார்த்ததற்குப் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே வீட்டில், காலையில், ஓட்டுவதற்கு முன் கம்பெனி சொன்ன அளவுக்கு நிரப்பிவிட்டால் மலைக்காகத் தனியாகக் கூட்டவோ குறைக்கவோ தேவையில்லை. நெடுஞ்சாலையில் ஓடிச் சூடான டயரில் அழுத்தம் 4, 5 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

மின்வண்டிக்கே உரிய மற்றொரு செய்தி இறக்கத்தில் இருக்கிறது. உயர வேறுபாடு 1,450 மீட்டருக்கு மேல். ஆட்களோடு 1,750 கிலோ வரும் வண்டியை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே சுமார் 7 யூனிட் மின்சாரம் வேண்டும். இறங்கும்போது அதில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்புகிறது. கோத்தகிரியில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இருக்காது. மோட்டார் பிடிப்பது குறைந்து, எல்லாச் சுமையும் பிரேக் கட்டைகளுக்குப் போய்விடும். 80 சதவீதத்தோடு இறங்குங்கள். உங்கள் வண்டி முன்சக்கர இயக்கம் என்பதால் இழுப்பது, திருப்புவது, இறக்கத்தில் மோட்டார் பிடிப்பது மூன்றும் முன் டயர்களின் தலையில்தான். ஏற்றத்தில் எடை பின்னால் சாய்ந்துவிடும். ஈரமான கொண்டை ஊசி வளைவில் வேகக்கட்டையை அழுத்தினால் உள்பக்கச் சக்கரம் சுற்றித் தேய்வதைக் காதாலேயே கேட்கலாம். ஈக்கோ நிலையில் ஏறினால் அந்தத் திடீர் இழுப்பு மட்டுப்படும்.

---

நொய்யல் எழுதியது:

முன் டயர்கள்தான் எல்லா வேலையும் செய்கின்றன என்றால், இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்குகிறவர் அவற்றை முன்னால்தானே போட வேண்டும்? என் வண்டிக்கு ஒரு கடையில் பின்னால் போடச் சொன்னார்கள். எனக்கு அது விளங்கவில்லை.

---

ஈரோடு டயர்க்கடை எழுதியது:

அந்தக் கடையில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின் டயர் வழுக்கினால் வண்டியே சுற்றும். மலைப்பாதையில் சுற்றிய வண்டி எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே பள்ளம் அதிகமுள்ள இரண்டும் எப்போதும் பின்னால். அதைவிட நல்லது, 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட்டு, நான்கும் ஒன்றாகத் தேயும்படி பார்த்துக்கொண்டு, நான்கையும் ஒன்றாக மாற்றுவது. மின்வண்டியில் இந்த இடைவெளியை நீட்ட வேண்டாம். வீல் அலைன்மென்ட்டும் அப்போதே பார்த்துவிடலாம்.

---

கொடிவேரி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. என் வண்டிக்கு 16 அங்குலத்திலேயே, எடைக் குறியீடு குறையாமல், ஈரப்பிடிமானம் உள்ள நான்கு டயர்கள் என்று முடிவு செய்துவிட்டேன். புரட்டாசிக்குள் மாட்டிவிடுவேன்.

தாராபுரத்துத் தம்பியிடம் இன்னும் இரண்டு கேள்விகள். நம் நாட்டிலேயே அலாய் சக்கரங்கள் தயாராகின்றன, விலையும் குறைவு. 19 அங்குல ரிம் நான்கை இங்கே வாங்கிக் கப்பலில் அனுப்பிவிட்டு, டயரை மட்டும் மியூனிக்கில் வாங்கிக்கொண்டால் என்ன? மற்றொன்று, அவர்கள் வீட்டின் அடித்தளத்தில் ஒரு சிறிய அறை இருக்கிறது. கழற்றிய கோடைச் சக்கரங்களை அங்கே எப்படி வைக்க வேண்டும்?

---

தாராபுரத்தான் எழுதியது:

ரிம் அனுப்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள் ஐயா. நட்டு வட்டத்தின் அளவு, நடுத்துளை, ரிம்மின் உள்வாங்கல் மூன்றும் பொருந்தினால்கூடப் போதாது. அந்த ரிம் அந்த வண்டிக்கு ஏற்றது என்ற ஒப்புதல் ஆவணம் இங்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டியின் ஓட்டும் அனுமதியே கேள்விக்குள்ளாகும், விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும். கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்தால் மிச்சப்படுவதும் ஒன்றும் இராது. செலவைக் குறைக்க வேண்டும் என்றால், ஐடி.4 வண்டியை விற்றவர்களிடம் மிஞ்சியிருக்கும் 19 அங்குலக் குளிர்காலச் சக்கரங்களைப் பழையதாக வாங்கலாம். பள்ளம் எவ்வளவு, எந்த ஆண்டு டயர், ரிம்மில் விரிசல் உண்டா, உள்ளே காற்றழுத்த உணரி இருக்கிறதா என்று மருமகன் நேரில் பார்த்துக் கேட்டு வாங்கட்டும். சட்டம் 1.6 மில்லிமீட்டரை அனுமதித்தாலும் 4-க்குக் கீழே இருக்கும் குளிர்கால டயரை வாங்க வேண்டாம். பனியில் அது வெறும் கறுப்பு வளையம்தான்.

கழற்றும்போது ஒவ்வொரு சக்கரத்திலும் முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்று சுண்ணக்கட்டியால் எழுதிவிடச் சொல்லுங்கள்; முன்னும் பின்னும் அகலம் வேறு என்பதால் இந்த வண்டியில் இடம் மாறவே கூடாது. உப்பையும் அழுக்கையும் கழுவி, நன்றாக உலர்த்தி, ரிம்மோடு இருக்கும் சக்கரங்களைப் படுக்கையாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம் அல்லது தொங்கவிடலாம். ரிம் இல்லாத வெறும் டயர் என்றால் நிற்க வைக்க வேண்டும். அடுக்கினால் வடிவம் கெடும். அறை குளிர்ச்சியாகவும் இருட்டாகவும் ஈரமில்லாமலும் இருந்தால் போதும். எண்ணெய், பெட்ரோல் டப்பாக்களை மட்டும் பக்கத்தில் வைக்கக் கூடாது. வசந்தத்தில் திரும்ப மாட்டியபின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சக்கர போல்ட்டுகளை முறுக்கு அளவுச் சாவியால் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். பனிக்காலச் சக்கரத்தை மாட்டியபோதும் அப்படியே.

ஈஸ்டர் வந்துவிட்டதே என்று அவசரப்பட்டுக் கோடை டயருக்கு மாற வேண்டாம் என்றும் சொல்லுங்கள். மியூனிக்கில் ஏப்ரலிலும் பனி விழும்.